இரு துளைகள்

சங்க நூல்களுள் கடற்கலங்களுக்குத் திமில், அம்பி, பஃறி, வங்கம், நாவாய் எனப் பெயர்கள் பல உள. இன்று எம் ஊர்க் கடற்கரையில் அவை வழங்கக் கேட்டிலேம். ஆங்கு வழங்குவன வள்ளம், எஞ்சின், பிளக்கு, கார்ப்பரேட்டர் என்னும் சொற்களே. கார்ப்பரேட்டருக்குச் செந்தமிழ்ப் பெயரொன்று வேண்டுமென்பார் உளர், வேண்டுவதே. ஆயினும் நடுக்கடலில் நின்றுபோன எஞ்சினின் கயிற்றை இருட்டில் இழுத்திழுத்துக் கை சலித்தவர் வாயில் எச்சொல் வருமோ அச்சொல்லையே இக்கட்டுரையில் ஆள்கின்றோம். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்வார்களாக.

எமது ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே, தேரிமணலும் பனையும் சூழ்ந்ததொரு மீனவச் சிற்றூர். படகின் பின்புறத்தே மாட்டவும் கழற்றவும் ஆகும் எஞ்சினை 1909-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஓல் எவின்ரூட் என்பார் விற்பனைக்குக் கொணர்ந்தார். எம் தென்கரை வள்ளங்களில் அது பரவியது 1980-களில் என்க. அதற்கு முன் பாயும் துடுப்புமே துணை. எம் சித்தப்பாவின் எஞ்சின் 8 குதிரைத்திறன் உடையது. யாம் பிறப்பதற்கு முன்னரே வாங்கப்பெற்றது. பெட்ரோலில் எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது.

கடந்த பிப்ரவரித் திங்களில் ஒருநாள், வலை வாங்குதற்பொருட்டு வேகத்தைத் தணித்த அளவில் அது நின்றது, பின்னர் எழவில்லை. சித்தப்பாவும் உடன்சென்ற இருவரும் துடுப்பிட்டுக் கரை சேர்ந்தபோது இரவு 2 மணி. அதுகாறும் சித்தி குருசடியின் படியிலேயே அமர்ந்திருந்தார் என்று பின்னர்க் கேட்டோம். அதன்பின் அஃது ஒருநாள் ஓடும், இருநாள் கிடக்கும். நகரத்துப் பட்டறையொன்றில் காட்டியதற்கு, இதனை இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்குக என்றனர். புதியதன் விலையோ ஓரிலட்சத்துக்கு மேல்.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. எமது வள்ளம் போன்ற சிறு கலங்களுக்கு அத்தடை இல்லை. சந்தைக்கு மீன்வரத்துக் குறையும் அந்நாட்களில் வள்ளத்தார் கொணரும் சீலாவுக்கும் பாரைக்கும் நல்ல விலை கிட்டும். சித்தப்பாவின் ஆண்டு வரவிற் பெரும்பகுதி அந்நாட்களுக்குரியது. எம் தங்கை கல்லூரிக்குச் செல்வதும் செல்லாமையும் அதனுள் அடங்கும். யாம் தேர்வு முடிந்து ஊர் சென்றபோது 61-இல் 12 நாட்கள் கழிந்துவிட்டன. சித்தப்பா பிறர் வள்ளத்தில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். "நோவு எங்கனன்னு பாக்காம எஞ்சினையே குத்தம் சொல்லுதான் மக்கா" என்றார். பள்ளி விடுமுறைகளில் இருசக்கர வண்டிப் பட்டறையொன்றில் எடுபிடியாக இருந்த பழக்கம் எமக்குண்டு. ஆகலின் கழற்றிப் பார்ப்போம் என்று துணிந்தோம்.

நோய்க்குறிகள் ஒன்றோடொன்று முரணின. வேகத்தைத் தணித்தால் எஞ்சின் சாகும். சோக்கை இழுத்துப் பிடித்தால் மட்டும் உயிர் தரிக்கும். இஃது எண்ணெய் போதாமையின் குறி. பிளக்கைக் கழற்றினாலோ கரியும் எண்ணெய்க் கசிவுமாய் இருந்தது. இஃது எண்ணெய் மிகுதியின் குறி. ஊரார் ஒருவர் பட்டினி என்றார். மற்றொருவர் அசீரணம் என்றார்.

நிற்க. கார்ப்பரேட்டரின் தொழில் யாதெனிற் கூறுவாம். குழாயொன்றின் நடுவே இடுக்கமிருப்பின் ஆண்டுச் செல்லும் காற்று விரையும். விரையுமிடத்து அழுத்தம் குறையும். 1738-இல் பெர்னூலி நூலெழுதி விளக்கிய இவ்வியல்பை இத்தாலிய அறிஞர் வெந்தூரி 1797-இல் இடுக்கக் குழாய்களில் ஆராய்ந்தார். அழுத்தம் குறைந்த அவ்விடத்தில் சிறு துளையொன்று வாய்திறந்திருப்பின், கீழே கிண்ணத்திலுள்ள எண்ணெய் தானே மேலெழுந்து காற்றோடு தூவலாய்க் கலக்கும். அத்துளையுடைய பித்தளைத் திருகையே ஜெட் என்பர். எமது கார்ப்பரேட்டரில் அவை இரண்டு: விரைந்து செல்லுங்கால் ஊட்டும் பெரிய ஜெட் ஒன்று, மெல்லச் செல்லுங்கால் ஊட்டும் சிறிய ஜெட் ஒன்று. எண்ணெய் மட்டம் உயர்ந்தால் மிதவை எழுந்து ஊசியால் வாயிலை அடைக்கும், தாழ்ந்தால் திறக்கும்.

முற்றத்தில் பழஞ்சேலையொன்றை விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினோம். மெல்லோட்டத்தைத் திருத்தும் திருகை முதலில் உள்ளே மெல்ல முடுக்கி, எத்தனை சுற்று என எண்ணித் தாளில் குறித்துக்கொண்ட பின்னரே வெளியே எடுத்தோம். கிண்ணத்தைத் திறந்தபோது அடியில் தேன் பாகுபோன்றதொரு பிசின்; அதன்மேல் நீர்த்துளிகள் உருண்டன; உப்பு அரித்த வெண்பூச்சு ஒருபுறம். இப்பொழுது விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்துள்ளது. அது காற்றின் ஈரத்தை ஈர்க்கும். நீர் மிகின் பிரிந்து அடியில் தங்கும். பழைய இறப்பரை ஊதவும் செய்யும். கடற்கரையில் ஈரத்துக்குப் பஞ்சமேது? ஊசியின் இறப்பர் நுனி பருத்துப் பள்ளம் விழுந்திருந்தது.

சிறிய ஜெட்டை வெயிலுக்கு நேரே பிடித்தோம், ஒளி வரவில்லை. பட்டினியின் காரணம் விளங்கிற்று. கம்பி கொண்டு குத்தலாமா என்று ஒருவர் கம்பியோடே வந்தார். சித்தப்பா தடுத்து, தின்னரில் ஓரிரவு ஊறவைத்து, காலையில் வலையினின்று தங்கூசி நரம்பொன்றை வெட்டித் தந்தார். நைலான் பித்தளையைக் கீறாது. நரம்பை நுழைத்தெடுத்து, சைக்கிள் பம்பால் ஊதியபின் கடுகினும் சிறிய ஒளிப்புள்ளி தோன்றியது.

அசீரணத்தின் காரணம் மறுநாளே புலனாயிற்று. தூத்துக்குடிக் கடையில் ஊசி, கேஸ்கட்டு ஆகியவற்றோடு பெரிய ஜெட்டும் புதிதாய் ஒன்று வாங்கி வந்தோம். பழையதிலும் புதியதிலும் பொறித்த எண் ஒன்றே. அவ்வெண் துளையின் அளவைக் குறிப்பது. ஆனால் பழையதில் தாராளமாய் ஓடிய தங்கூசி நரம்பு புதியதில் நுழையவே மறுத்தது. எப்போதோ எவரோ கம்பியால் குடைந்து அத்துளையை அகலமாக்கியிருக்கின்றனர். எண் மட்டும் பழைய அளவையே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு துளை அடைந்தது, ஒரு துளை அகன்றது. பட்டினி என்றவரும் அசீரணம் என்றவரும் இருவருமே மெய்யுரைத்தவராயினர்.

மிதவையின் மட்டத்தைக் கைந்நூலிற் கண்டபடி அளவுகோலால் அளந்து, அதன் சிறு நாக்கை மயிரிழையளவு வளைத்துச் சரிசெய்ததே எமக்கு மிகவும் பொழுது பிடித்த வேலை. ஏனையவற்றைப் பூட்டுதல் அரைமணியில் முடிந்தது. எஞ்சினை நீர் நிறைந்த டிரம்மில் இறக்கினோம். நீரின்றி ஓட்டின் நீரிறைக்கும் இறப்பர்ச் சக்கரம் கருகிவிடும். சித்தப்பா கயிற்றை இழுத்தார். முதலிரு முறையும் ஒன்றுமில்லை. மூன்றாம் முறை எழுந்தது. எமது வேண்டுகோள்படி சோக்கை உள்ளே தள்ளி, வேகத்தைத் தணித்தார், அது சாகவில்லை. அவர் எம்மைப் பார்க்கவில்லை. எஞ்சினையே நெடுநேரம் பார்த்திருந்தார்.

மே மாதம் 3-ஆம் நாள் தம் வள்ளத்திலேயே சென்றார். கரை திரும்பியதும் மீன்கூடையை நோக்குமுன் மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கிப் பார்த்தார். முன்னர் 20 லிட்டர் குடித்த தொலைவுக்கு 15 லிட்டரே சென்றிருந்தது. எஞ்சிய 40-க்கு மேற்பட்ட நாட்களில் கச்சான் கடுத்த சில நாட்கள் போக அவர் கடலுக்குத் தவறவில்லை. தங்கையின் கட்டணம் ஜூன் 10-ஆம் நாள் கட்டப்பெற்றது.

நீரிறைக்கும் சக்கரமும் தேய்ந்துதான் இருக்கிறது; எஞ்சின் பக்கவாட்டில் பீய்ச்சும் நீர்த்தாரை மெலிந்து வருகின்றது. அதனைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாற்றுவதாக உள்ளோம். அதற்குரிய பணத்தைச் சித்தி இப்போதே தனியே முடிந்து வைத்துவிட்டார்.