சும்மா இருந்தும் சுடுகிறதே!

வேலை செய்தால் சூடாகும், விட்டால் ஆறும். அடுப்புக்கும் மோட்டாருக்கும் பொருந்தும் இந்த நியதிக்குக் கணிப்பொறி மட்டும் சில வேளைகளில் அடங்குவதில்லை. ஏன் என்று மூன்று நாள் தேடிய அனுபவத்தை எழுதுகிறேன். பிற துறை நண்பர்களுக்கும் புரியும் என்றே நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதற்காகவே அப்பா தறிப்பட்டறையில் முன்பணம் வாங்கிப் பழைய மடிக்கணிப்பொறி ஒன்றை எடுத்துத் தந்தார். விசைத்தறிச் சத்தத்தில் பழகிய அவர் காது ஒரு நாள் இரவு அதன் விசிறிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டது.

"ஏங்கண்ணு, நீ ஒண்ணும் அடிக்காமத்தான உக்காந்திருக்க, அதெதுக்கு இப்படி இரையுது?"

நியாயமான கேள்வி. நிரல் எழுதும் மென்பொருள் திறந்திருந்தது. என் விரல் அசையவில்லை. செயலியோ 90 விழுக்காட்டுக்கு மேல் உழைத்துக் கொண்டிருந்தது! பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனேன். "போர்டு போச்சு, 8,000 ஆகும்" என்றார். பழைய முன்பணமே இன்னும் தீரவில்லை.

ஆனால் அந்த மென்பொருளை மூடியதும் 5 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறதே! போர்டு கெட்டிருந்தால், எது திறந்திருக்கிறது என்று பார்த்தா அது சுடும்?

இப்படிப்பட்ட கதை முன்பும் நடந்ததுண்டு. விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் மென்பொருள் சும்மா இருக்கும்போதே செயலியில் சுமார் 13 விழுக்காட்டை விழுங்குவதை 2017-இல் கண்டறிந்தார்கள். குற்றவாளி யார் தெரியுமா? எழுதும் இடத்தில் கண் சிமிட்டும் அந்தச் சிறு கோடு! அரை நொடிக்கு ஒரு முறை சிமிட்ட வேண்டிய கோட்டுக்காகத் திரையை நொடிக்கு 60 முறை புதுப்பித்துக் கொண்டிருந்தது உள்ளிருந்த குரோமியம்.

என் கோட்டையும் சிமிட்டாமல் நிறுத்திப் பார்த்தேன். பயனில்லை.

அடுத்து, எக்ஸ்டென்ஷன் எனப்படும் துணை நிரல்கள். என்னிடம் 16 இருந்தன. அத்தனையையும் நிறுத்தினேன், விசிறி அடங்கிற்று. அப்பாடா, போர்டு பிழைத்தது! ஒவ்வொன்றாகச் சோதிப்பானேன்? எட்டை மட்டும் இயக்கினேன். இரைச்சல் வந்தால் ஆள் இந்த எட்டில். வராவிட்டால் அந்த எட்டில். பிறகு 4, 2, 1. நான்கே சோதனை. இருமத் தேடல் என்று வகுப்பில் படித்து மதிப்பெண்ணுக்காக எழுதியதுதான். அது 8,000 ரூபாயைக் காப்பாற்றும் என்று யார் கண்டது?

அகப்பட்டது, நிரலில் பிழை பார்க்கும் துணை நிரல். கோப்புறையில் ஏதேனும் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி வாசிப்பது அதன் வேலை. வாசித்ததும் தன் குறிப்பை அதே கோப்புறையில் எழுதி வைக்கும். எழுதினால் கோப்பு மாறுகிறதல்லவா? உடனே மறுபடி வாசிப்பு, மறுபடி குறிப்பு. தானே எழுதி, தானே திடுக்கிட்டு, தானே வாசித்து, விடிய விடிய இதே வேலை! அந்தக் குறிப்புக் கோப்பைக் கண்காணிக்க வேண்டாமென்று அமைப்பில் ஒரு வரி சேர்த்தேன். 6 விழுக்காடு.

செய்தி பரவித் தோழியர் மூவர் தங்கள் கணிப்பொறியைக் கொண்டு வந்தனர். ஒன்றில், நிரலைத் தொகுக்கும்போதெல்லாம் உண்டாகும் புதுக் கோப்புகளை வைரஸ் தடுப்பான் விடாமல் சோதித்துக் கொண்டிருந்தது. இன்னொன்றில் செயலி உண்மையிலேயே சும்மாதான் இருந்தது, விசிறியில் தூசி. மூன்றாவது இன்னும் பிடிபடவில்லை.