வெயிலுக்கும் ஒரு பாடு

மீஞ்சூரை நெருங்கும்போதே அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் தெரிகின்றன. வல்லூரில் மட்டும் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. அவற்றுக்கு வடக்கே, சாலை முடியும் இடத்தில், சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு விரிகிறது. பழவேற்காட்டு மீனவக் குப்பங்களுக்கு மின்கம்பி வந்து நாளாகிறது. ஆனால் ஏரியோர இருளர் குடியிருப்பில் பட்டா இல்லாத குடிசைக்கு இணைப்பு வாங்குவது எளிதல்ல. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கையாலேயே எறா தடவிப் பிடிக்கும் பெண்களின் வீடுகள் அவை.

இப்படிப்பட்ட வீட்டுக்கு எளிமையான, நீடித்து உழைக்கும் மின்சாரத்தை எப்படி வடிவமைப்பது? அதைக் கேட்டுக்கொண்டுதான் நான் அங்கே போனேன்.

முதல் பதில் படகுத்துறையில் கிடைத்தது. படகு இன்ஜின் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் யாரோ கொடுத்துவிட்டுப் போன சூரிய விளக்கைப் பிரித்து வைத்திருந்தார். தகடு நன்றாகத்தான் இருந்தது. பேட்டரி முனை மட்டும் பச்சையாகப் பூத்துப்போய், கம்பி தொட்டாலே உதிர்ந்தது. “வெயிலுக்கு இன்னா சார் குறை? உப்புதான் எல்லாத்தையும் தின்னுது” என்றார். முனையைச் சுரண்டித் துடைத்து, கிரீஸ் தடவி, கம்பியைப் புதிதாக முறுக்கிப் பொருத்தினார். விளக்கு எரிந்தது.

அவர் செய்தது சின்ன வேலைதான். ஆனால் சூரிய மின்துறையின் பெரும்பகுதி அதற்குள் அடங்கியிருக்கிறது. கடலோரத்தில் சாதாரண இரும்புத் திருகாணி சீக்கிரமே துருப்பிடித்து இறுகிவிடும், அதனால் துருவேறா எஃகு வேண்டும். தகட்டில் படியும் உப்பை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், ஆக அது கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பது நல்லது. புயல் எச்சரிக்கை வந்தால் இரண்டு பேர் சேர்ந்து கழற்றி உள்ளே எடுத்துவைக்கும்படி இருந்தால் இன்னும் நல்லது. 2016இல் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று புயல்கள் வந்துபோகும் கரை இது.

கணக்கும் கடினமானதல்ல. ஐந்து வாட் எல்இடி விளக்கு நான்கு, நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 100 வாட்-மணி. சாதாரண மின்விசிறி 70 வாட்டுக்கு மேல் இழுக்கும், பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். எட்டு மணி நேரம் சுற்றினால் 240. கைபேசியையும் சேர்த்து 350 வாட்-மணிக்குள் ஒரு குடும்பத்தின் இரவு அடங்கிவிடும். நம் ஊர் வெயிலில் இழப்புகளைக் கழித்த பிறகும் 125 வாட் தகடு ஒன்று இதைத் தந்துவிடும். சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய, இன்வெர்ட்டர் இல்லாத நேர்மின் அமைப்பும் 125 வாட் தகட்டை வைத்துத்தான் தொடங்கியது. அந்த அமைப்பு ராஜஸ்தான் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போயிருக்கிறது. அதில் 48 வோல்ட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 60 வாட் சுமைக்கு 12 வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் ஓடும், 48 வோல்ட்டில் ஒன்றேகால்தான். மெல்லிய கம்பி போதும், வழியில் சூடாகி வீணாவதும் குறைவு.

ஆனால் பழவேற்காட்டில் பெண்கள் விளக்கைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஐஸைப் பற்றித்தான் பேசினார்கள். பிடித்த எறாவை ஏலம் வரை காப்பாற்ற ஐஸ் வேண்டும். இல்லையென்றால் வியாபாரி சொல்வதே விலை. மேலே சொன்ன ஒரு வீட்டுக் கணக்கு மின்சாரம் முழுவதையும் ஐஸுக்குக் கொடுத்தாலும் நான்கைந்து கிலோதான் உறையும். ஐஸுக்கு வீட்டுத் தகடு பதிலல்ல, ஊர்ப் பொதுவில் பெரிய ஏற்பாடுதான் வேண்டும். மீதமாகும் மீனைக் காயவைப்பதற்கு மின்சாரமே அதிகம் தேவையில்லை: கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சூரிய உலர்த்திகளை வடிவமைத்திருக்கிறது. மணலில் பரப்பிய கருவாட்டைவிட அதில் காய்ந்தது சுத்தமாக இருக்கும். வெயிலை முதலில் வெப்பமாகப் பயன்படுத்திவிட்டு, பிறகு மின்சாரத்துக்குப் போவதே எனக்குச் சரியென்று படுகிறது.

பெரியவர் ஒருவர் முகத்துவாரத்தைக் காட்டி, அந்த நீரோட்டத்தில் கரண்ட் எடுக்க முடியாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1991இல் கேரளத்தின் விழிஞ்ஞம் மீனவ ஊரில் சென்னை ஐஐடி அலையிலிருந்து மின்சாரம் எடுத்தே காட்டியது, 150 கிலோவாட் அளவில். ஆனால் அது அலை. முகத்துவார நீரோட்டத்துக்கு ஓதம் வேண்டும், இங்கே அது ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான்; முகத்துவாரமும் மணல் மூடி அடைத்துக்கொள்கிறது. இதை நம்பி முதல் போட முடியாது.

ஐஸ் நிலையம் போலப் பொதுவில் ஒன்றை நடத்துவது என்றால் யார் நடத்துவது? பீகாரில் தர்னாய் கிராமத்துக்கு 2014இல் கிரீன்பீஸ் 100 கிலோவாட் சூரிய மின்தொகுப்பு அமைத்துக் கொடுத்தது. சில ஆண்டுகளில் அரசு மின்சாரம் மலிவாக வந்தது, பேட்டரிகள் தேய்ந்தன, மின்நிலையக் கட்டடம் மாட்டுத்தொழுவமானது. இதற்கு மாறாக, கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக்கிக்கொண்டு, மின்வாரியத்துக்கு விற்ற வருமானத்திலேயே கடனை அடைத்தது. ஊர் தானே முடிவெடுத்ததுதான் வேறுபாடு.

பழவேற்காட்டுக்கு இதில் ஒரு முன் அனுபவம் இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் தலைமுறைகளாகப் ‘பாடு’ முறையில் எறா வலை போடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். குறைவாக இருப்பதைச் சண்டையில்லாமல் பங்கிடத் தெரிந்த ஊர்கள் ஐஸ் நிலையத்தையும் உலர்த்தியையும் அதே போல் நடத்தலாம். ஆனால் அந்தப் பாட்டில் இருளருக்குப் பங்கு கிடையாது. புதிதாக வரும் வெயில் பாட்டில் அவர்களை முதல் பங்காளிகளாகச் சேர்க்காவிட்டால், இணைப்பில்லாத வீடு இணைப்பில்லாமலே இருக்கும்.

பழுது பார்க்க ஆள் தேட வேண்டியதில்லை. ராஜஸ்தானின் திலோனியாவில் பங்கர் ராய் 1972இல் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி, பள்ளிக்கூடம் பார்க்காத பாட்டிகளுக்கே ஆறு மாதத்தில் சூரிய விளக்கின் மின்சுற்றைப் பற்றவைக்கக் கற்றுத்தந்திருக்கிறது. படகுத்துறையில் இன்ஜின் பிரிக்கும் இளைஞர்களோடு இருளர் குடியிருப்புப் பெண்கள் நான்கைந்து பேரும் சார்ஜ் கன்ட்ரோலரைப் பிரித்துப் பூட்டக் கற்கட்டும். மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவத்திக்கும் கொடுத்துவந்த காசில் ஒரு பகுதியை வீடுகள் மாதம்தோறும் அவர்களுக்குக் கூலியாகத் தரலாம். மீதியைப் புதுப் பேட்டரிக்குச் சேர்த்துவைக்கலாம்.