மூணு மாசமா வரலை

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்று டாக்டர்கள் அலுத்துக்கொள்வார்கள். தூக்கமா வருது, குண்டாயிட்டேன் என்றெல்லாம் காரணம் சொல்லப்படும். சொல்லப்படாத காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் அறையில் நிற்கும் அப்பா, அண்ணன் எல்லாரும் வெளியே போக வேண்டும்.

என் பெரியம்மா பெண்ணுக்கு வயது இருபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. காதில் யாரோ திட்டுகிற குரல்கள். ரிஸ்பெரிடோன் ஆரம்பித்து நாலைந்து மாதத்தில் குரல்கள் அடங்கின. வேலைக்குக்கூடப் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் பெரியம்மா என்னை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். "மூணு மாசமா தலைக்குக் குளிக்கலைடி. மார்ல பால் மாதிரி கசியுது. நான் யார்கிட்ட போய்ச் சொல்வேன்?"

மெடிக்கல் ஷாப்பில் அட்டை வாங்கிச் சோதித்ததில் ஒற்றைக் கோடுதான். பெரியம்மாவின் பார்வை மாறவில்லை. "அட்டை தப்பாவும் காட்டுமாமே?" அவள் எதுவும் பேசவில்லை. மாத்திரைகளைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். சில வாரங்களில் கசிவு நின்றது, மாதவிலக்கு வந்தது, பெரியம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அடுத்த மாதம் குரல்களும் திரும்பி வந்தன.

விஷயம் இதுதான். மூளையின் அடிப்பக்கம் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. தாய்ப்பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் அங்கேதான் உற்பத்தி. அது சும்மா சும்மா சுரக்காமல் காவல்காரன் மாதிரி தடுத்துக்கொண்டிருப்பது டோபமைன். இந்த மாத்திரைகள் குரல்களை அடக்குவதே, மூளையில் டோபமைன் போய் உட்காரும் இடங்களை அடைத்துத்தான். ஆனால் மாத்திரைக்கு மூளை எது, பிட்யூட்டரி எது என்று பேதம் தெரியாது. அங்கேயும் அடைத்துவிடும். காவல் போனதும் புரோலாக்டின் ஏறும். பிள்ளை பெற்று பால் கொடுக்கிறோம் என்று உடம்பு நினைத்துக்கொண்டு மாதவிலக்கை நிறுத்திவைக்கும். (வாந்திக்குக் கொடுக்கிற டோம்பெரிடோனும் இதே வேலையைச் செய்யக்கூடியது. அதைப் பற்றி யாரும் மொட்டைமாடியில் பேசுவதில்லை.)

1952இல் பாரிஸில் டிலேயும் டெனிக்கரும் குளோர்புரோமசின் கொடுத்து ஆரம்பித்து வைத்த வைத்தியம் இது. அந்தக் காலத்து மருந்துகளிலேயே இந்தத் தொல்லை உண்டு. புதியவற்றில் ரிஸ்பெரிடோனும் அமிசல்பிரைடும் அதிகமாக ஏற்றும். குவெட்டியபின், க்ளோசபின் அவ்வளவாக இல்லை. அரிபிப்ரசோல் குறைக்கவே செய்யும். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு புரோலாக்டின் சுமார் 25 நானோகிராமுக்குள் இருக்க வேண்டும். ரிஸ்பெரிடோனில் 100ஐத் தாண்டுவதும் உண்டு. அப்படியே வருடக்கணக்கில் விட்டால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு தேயலாம்.

நான் கூடப் போனேன். டாக்டர் நல்லவர்தான். "அப்பவே சொல்லியிருந்தா ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிருக்கும். டோஸைக் குறைக்கலாம், மருந்தை மாத்தலாம். நீங்களா நிறுத்தினதுதான் தப்பு" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லையே டாக்டர்."

தூக்கம் வருதா, சாப்பிடறியா, குரல் கேக்குதா... எல்லாம் கேட்டிருந்தார். அவர் பேனாவை மூடிவைத்தார். அதுவரை எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னது அவள் அப்பாதான்.

மருந்தை அரிபிப்ரசோலுக்கு மாற்றினார். குரல்கள் அடங்க இரண்டு மாதம் ஆயிற்று. வேலை அதற்குள் போய்விட்டது.

ஆண்கள் தப்பினார்கள் என்று நினைக்க வேண்டாம். மார்பு வீங்கும், ஆசை குறையும். மனைவியிடமே சொல்ல மாட்டார்கள், டாக்டரிடமா சொல்வார்கள்? சிறுவயதில் ரிஸ்பெரிடோன் சாப்பிட்டதால் மார்பு வளர்ந்துவிட்டது என்று வழக்குப் போட்ட ஒருவருக்கு, அமெரிக்காவில் பிலடெல்பியா ஜூரிகள் 2019இல் 800 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்கள். 2020இல் நீதிபதி அதை 68 லட்சமாக வெட்டினார். நம்ம ஊரில் தொளதொள சட்டையோடு சரி.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறார்களா? நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை போகும்போது, கடைசியாகத் தூரமான தேதி, கசிவு உண்டா இல்லையா, இரண்டையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மருந்துச் சீட்டோடு சேர்த்து நீட்டச் சொல்லுங்கள். அப்பா பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, வாயைத் திறக்க வேண்டியதில்லை.