புழுவெட்டில் புழு இல்லை

தலையில் வட்டமாக முடி உதிர்வதை நம் வீடுகளில் 'புழுவெட்டு' என்கிறோம். பாதி அச்சத்தை அந்தப் பெயரே தந்துவிடுகிறது. பதினொரு வயதான என் மகளுக்குப் பிடரிக்கு மேல் ஒரு ரூபாய் நாணயமளவு வழுக்கை தோன்றியபோது, அவளது சீப்பையும் தலையணையையும் தனியே வைக்கும்படி உறவினர்கள் எச்சரித்தனர். மக்தபில் உடன் ஓதும் பிள்ளைகள் சற்றுத் தள்ளி அமர்ந்தனர். வழுக்கையை முக்காடு மறைத்தது. ஆனால், "உம்மா, என் தலைக்குள்ள புழு இருக்கா?" என்று அவள் இரவில் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

தோல் மருத்துவரான ஒரு சகோதரி அந்தப் பதிலைக் கண்ணாலேயே காணச் செய்தார். அவரிடமிருந்த டெர்மோஸ்கோப், உள்ளங்கையில் அடங்கும், விளக்குடன் கூடிய உருப்பெருக்கி. தோலைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கத்தியில்லை, ஊசியில்லை. கைபேசியில் இணைத்துப் படத்தை எங்களுக்கும் காட்டினார்.

வழுக்கையின் ஓரத்தில் சில குட்டை முடிகள், நுனி தடித்தும் அடி மெலிந்தும் ஆச்சரியக்குறிபோல நின்றன. இடையிடையே கரும்புள்ளிகள் தெரிந்தன. அவை தோல் மட்டத்திலேயே முறிந்த முடிகளின் மிச்சம். நோய் இன்னும் முனைப்பாக இருப்பதை இவை காட்டுகின்றன என்றார். பூஞ்சையால் வரும் தலைப்படையாயின், காற்புள்ளிபோல வளைந்த முடிகளும் சுருள்கம்பிபோல முறுகிய முடிகளும் தென்படலாம், தொற்றக்கூடியது அதுவே. இவளுக்கு வந்திருப்பது 'அலோபீசியா ஏரியேட்டா'. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் முடியின் வேரையே தாக்குவதால் வருவது. சீப்பால் பரவாது, முக்காடு அணிவதாலும் வராது.

மயிர்க்கால்களின் வாய்கள் மூடாமல் இருப்பதையும் சுட்டிக்காட்டினார். தழும்பாகிப்போன வழுக்கையில் அவை மறைந்துவிடும். இங்கே அவை எஞ்சியிருப்பதால் முடி மீண்டும் முளைக்க வழியுண்டு. ஆயினும் மீண்டும் உதிரவும் கூடும் என்பதை அவர் மறைக்கவில்லை. களிம்பு எழுதித் தந்தார். சில வாரங்கள் கழித்து அதே கருவியில் பார்த்தபோது, வெறுங்கண்ணுக்குத் தெரியாத பூமுடிகள் அரும்பியிருந்தன. அல்ஹம்துலில்லாஹ்.

நோய்க்கு மருத்துவம் தேடுவது நமக்குக் கற்பிக்கப்பட்ட வழி. ஆகவே சகோதரிகளே, உங்கள் பிள்ளைக்கோ அண்டை வீட்டுப் பிள்ளைக்கோ இவ்வாறு முடி உதிர்ந்தால், சீப்பைப் பிரிக்கும் முன் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். முடியை முளைக்கச் செய்பவன் அல்லாஹ். அதுவரை அந்தப் பிள்ளையைத் தனிமைப்படுத்தாமல் அருகில் அமர்த்திக்கொள்வது நம் கடமை.