அகில் எரித்த அடுப்பு

சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் வரும் பகுதியை எத்தனை முறை படித்தாலும் என் கண் அந்த விறகில்தான் போய் நிற்கிறது. எயிற்பட்டினம் என்பது இன்றைய மரக்காணம் என்று அறிஞர் பலர் சொல்கிறார்கள். பாடிய நத்தத்தனார் பக்கத்து இடைக்கழிநாட்டுக்காரர். கண்ணால் பார்த்தேதான் எழுதியிருப்பார். அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசமரம், உறங்கும் ஒட்டகங்களைப்போலக் கரையில் கிடக்கிறது. அதை அடுப்பில் வைத்துக் கரும்புகை எழ எரிக்கிறார்கள். நுளையர் வீட்டுப் பெண் அரித்த பழந்தேறலைப் பரதவர்கள் சுட்ட குழல்மீனோடு விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள். அந்த மரம் அகில் என்கிறது பழைய உரை. அகில் இந்த மணலில் விளைவதில்லை. எந்த மலையில் முளைத்ததோ, எந்தக் கப்பலிலிருந்து விழுந்ததோ! ஊர்மரம் ஒன்றுகூட வெட்டுப்படாமல் ஊர் அடுப்பு எரிந்திருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

இப்போது கடல் விறகு தருவதில்லை. மரக்காணம் உப்பளச் சாலையோரம் ஒரு அம்மா தலைச்சுமையை இறக்கி வைத்திருந்தார். விறகுக்கட்டில் முக்கால்வாசி சீமைக்கருவேல். நடுவே கட்டைவிரல் பருமனில் நாலைந்து காசாங்குச்சிகள். கொடுவாள் சாய்வாக இறங்கிய வெட்டுவாய், இலைகூட வாடவில்லை. "காசா நின்னு எரியும் சார், கையிலயும் குத்தாது" என்றார்.

காசா வேறு யாருமில்லை, திருமாலின் நிறத்துக்குக் கவிகள் தேடிப் பிடித்த நீலக் காயாம்பூ மரம்தான். வெட்டினால் அது சாகாது. அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். பார்க்கிறவருக்குக் காடு பச்சையாகவே தெரியும். ஆனால் அந்தத் துளிர் பூத்துக் காய்க்கும் வயதுக்கு வருமுன் மறுபடியும் கொடுவாள். விதையில்லை, கன்றில்லை. கூட நிற்கும் பாலை, வீரை மரங்கள் இன்னும் மெதுவாக வளர்பவை. மரக்காணம் காப்புக்காடு பல இடங்களில் தாழ்ந்த புதராகவே நிற்கிறது. தெற்கே கொஞ்ச தூரத்தில், கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காட்டிலோ அதே இனங்கள் அண்ணாந்து பார்க்க வளர்ந்திருக்கின்றன. மண்ணும் மழையும் ஒன்றுதான். அய்யனார் காட்டில் கிளை ஒடிக்க ஆளுக்கு மனம் வராது.

இந்தக் கரையின் காட்டைத் தின்றது வீட்டு அடுப்பு மட்டுமல்ல. 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்ட காலத்தில் என்ஜினுக்கும் விறகு வேண்டியிருந்தது. கடலோரம் நெடுகச் சவுக்குத் தோப்புகள் வந்ததில் அந்தப் பசிக்குப் பெரும் பங்கு உண்டு. சவுக்கு வந்ததால் காசா தப்பியது என்பார்கள். காசா நின்ற மணலிலேயே சவுக்கை நட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளத்தில் வேலை கிடையாது. கூலியில்லாத மாதத்தில் காஸ் தீர்ந்தால் அடுப்பு எரிய வேறு வழி? அந்த மாதங்களுக்கு ஒரு சிலிண்டர் கொடுப்பது, காட்டைச் சுற்றிக் கம்பிவேலி போடுவதைவிட மரத்துக்கு நல்லது என்றே நினைக்கிறேன். கட்டைக்கு ஒரு துளிரையாவது விட்டுவைத்தால் அது மரமாகும் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நான் விட்டுட்டு வந்தா, பின்னாடி வர்றவ வெட்டிக்கிட்டுப் போயிடுவா சார். அவளுக்கும் உலை வைக்கணும் இல்ல?"