பேருந்துக்கு ஒரு தடம்

குடும்ப நலனைப் பேசும் இதழில் சாலையைப் பற்றி எழுதப் புகுவது ஏன் என்று வாசக அன்பர்கள் சிலர் வியக்கலாம். மாலையில் தாய் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்பது குடும்ப நலனைச் சார்ந்த கேள்வியே. அங்ஙனமாயின், அவள் ஏறிவரும் பேருந்து எங்கே, எதனால் தடைப்பட்டு நிற்கிறது என்பதும் குடும்ப நலனைச் சார்ந்ததே.

நாம் பணியாற்றும் மணவாள நகர், திருவள்ளூர் இரயில் நிலையத்தை அடுத்துள்ள ஊர். இங்குள்ளோரில் பலர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் உழைப்பவர்கள். வேறு பலர் மின்சார இரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து மாநகரப் பேருந்தைப் பிடித்துக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வேலைக்குச் செல்பவர்கள். மாலை வேளைகளில் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது, "அம்மா இன்னும் வரலை சாமி" என்று பிள்ளைகள் வாசற்படியிலிருந்தே சொல்லும் வீடுகள் சில உண்டு.

சென்னையில் ஓர் அலுவலகத்தில் துப்புரவுப் பணி செய்யும் தாய் ஒருவர் அண்மையில் நம்மிடம் கூறினார்: "ரயிலில் வர்ற நேரம் எனக்குக் கணக்குத் தெரியும் சாமி. சென்ட்ரலுக்கு வந்து சேர்ற பஸ்ஸுக்குத்தான் கணக்கே இல்லை. ஒருநாள் இருபது நிமிஷம், ஒருநாள் ஒரு மணி நேரம். வழக்கமான வண்டியை விட்டுட்டா, பிள்ளைங்க தூங்கின பிறகுதான் வீடு."

இவ்வெளிய சொற்களில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. சென்ட்ரலுக்கும் திருவள்ளூருக்கும் இடையே ஏறத்தாழ 42 கிலோமீட்டர். அத்தொலைவைக் கணக்காகக் கடக்கும் அம்மையார், நகருக்குள் சில கிலோமீட்டரைக் கணக்கின்றிக் கடக்கிறார். காரணம் யாது? இரயிலுக்கெனத் தனிப்பாதை உண்டு. தண்டவாளத்தின் மீது எவரும் தம் காரை நிறுத்திவிட்டுக் கடைக்குள் செல்வதில்லை. பேருந்துக்கோ தனிப்பாதை இல்லை. அறுபது பேரைச் சுமந்துவரும் அவ்வண்டி, ஒருவர் மட்டும் அமர்ந்து செல்லும் காரின் பின்னே காத்து நிற்கிறது.

2021ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்ய வழி பிறந்தது. ஏழை மகளிர்க்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் பேருந்து அவர்களிடம் வாங்கும் மற்றொரு கட்டணம் உண்டு. அது காலம். அதனை நீக்க அரசாணை மட்டும் போதாது. சாலையில் இடமும் வேண்டும்.

அவ்விடத்தைத் தருவதே பேருந்துத் தனித்தடம். அகன்ற சாலையின் ஒரு பகுதியைக் கோடிட்டோ தடுப்பமைத்தோ பேருந்துக்கென ஒதுக்குவது. இஃது இன்று தோன்றிய புதுமையன்று. இலண்டன் மாநகரில் வாக்ஸ்ஹால் பாலத்தின் மீது 1968இல் முதல் தடம் அமைந்தது. நம் தமிழ் மக்கள் பெருகி வாழும் சிங்கப்பூரில் 1974இல் தொடங்கினார்கள். அங்குப் பெரும்பாலான தடங்கள் காலையிலும் மாலையிலும் நெரிசல் மிக்க வேளைகளில் மட்டுமே பேருந்துக்கு உரியவை. மற்ற நேரங்களில் எல்லார்க்கும் பொது. அதே 1974இல் பிரேசில் நாட்டுக் குரிடிபா நகரம் சாலை நடுவே பேருந்துப் பாதைகளைத் திறந்து, பின்னர் பல நாடுகளுக்கு முன்மாதிரியாயிற்று.

இதன் பயனை வீட்டுக் கணக்குப் போலவே போட்டுப் பார்க்கலாம். ஒரு பேருந்தில் 60 பேர் எனக் கொள்வோம். அவர்களே இருவர் இருவராகக் காரில் சென்றால் 30 கார்கள் வேண்டும். முன்பின் இடைவெளியோடு காருக்கு ஆறு மீட்டர் என்றாலும், அவை வரிசையாக நிற்க 180 மீட்டர் சாலை தேவை. பேருந்தின் நீளமோ ஏறத்தாழ 12 மீட்டர்தான். இன்னுமொரு கணக்கு: போய்த் திரும்ப இரண்டு மணி நேரமாகும் வழித்தடத்தில் 12 பேருந்துகள் ஓடினால் பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும். நெரிசல் நீங்கி அதே பயணம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தால், அதே 12 பேருந்துகள் ஏழரை நிமிடத்துக்கு ஒன்றாக வரும். புதுப் பேருந்து ஒன்றும் வாங்காமலே, புது ஓட்டுநர் ஒருவரையும் அமர்த்தாமலே கிடைக்கும் ஆதாயம் இது.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்துள்ளன. வாகனங்களை நகர்த்துவதன்று, மக்களை நகர்த்துவதே நோக்கமாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை வகுத்தது. அகமதாபாத் 2009இல் சாலை நடுவே தடமும், வண்டியின் தளத்துக்குச் சமமான உயரத்தில் நிலையங்களும் அமைத்தது. முதியோர் படியேறாமல் வண்டிக்குள் நுழைய அஃது உதவிற்று.

தில்லியின் கதை வேறு. அங்கு 2008இல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குத் தடம் திறக்கப்பட்டது. சிவப்பு விளக்கில் காத்து நின்ற கார்க்காரர்கள், பக்கத்தில் வெறுமையாய்க் கிடந்த தடத்தைக் கண்டு மனம் வெதும்பினர். எல்லா வாகனங்களையும் அதில் விட வேண்டுமெனத் தொடரப்பட்ட வழக்கை 2012 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. 2016இல் அத்தடம் இடித்தகற்றப்பட்டது.

அந்த "வெறுமை" பற்றி ஒரு சொல். நிமிடத்துக்கு ஒரு பேருந்து செல்லும் தடம், அந்நிமிடத்தின் பெரும்பகுதியில் வெறுமையாகவே தோன்றும். ஆனால் ஒரு மணி நேரத்தில் அதில் 3,600 பேர் கடந்திருப்பர். அத்தனை பேர் காரில் இருவர் இருவராகச் செல்ல 1,800 கார்கள் வேண்டும். விளக்குக்கு விளக்கு நின்று செல்லும் நகரச் சாலையின் ஒரே தடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் அத்தனை கார்கள் கடக்க இயலாது. தடம் வெறுமையாய்த் தோன்றுவது அது பயனற்றது என்பதற்கு அடையாளமன்று. பேருந்து தேங்காமல் சென்றுவிட்டது என்பதற்கு அடையாளம். நெரிந்து நிற்பதையே உழைப்பென்று எண்ணிப் பழகிய கண்ணுக்கு, தடையின்றி ஓடுவது சும்மா கிடப்பதாகத் தோன்றுகிறது.

தில்லியில் குறைகளே இல்லை என்பதன்று நம் வாதம். தடம் மிகக் குறுகிய தொலைவுக்கே அமைந்தது. நடுச்சாலை நிறுத்தத்துக்குச் செல்லப் பயணிகள் வாகனங்களிடையே கடக்க வேண்டியிருந்தது. இருசக்கர வாகனங்கள் தடத்துள் புகுந்தன. குறை கண்டால் திருத்துவது ஒரு வழி. இடித்தெறிவது மற்றொரு வழி. வீட்டுக் கூரை ஒழுகினால் நாம் வீட்டை இடிப்பதில்லை.

எதிர்த்துரைப்போர் எல்லாரும் தன்னலத்தினர் என்று கூறுவதும் நீதியாகாது. நம் பங்கில் இருசக்கர வாகனத்தில் வேலைக்குச் செல்லும் இளைஞர் பலர். அவர்கள் செல்வர் அல்லர். மாதத் தவணை கட்டும் தொழிலாளர். பேருந்து நேரத்துக்கு வராததனாலேயே கடன்பட்டு வண்டி வாங்கியவர்களும் அவர்களுள் உண்டு. பேருந்து கணக்காக வருமாயின் அவர்களிற் சிலரேனும் அதில் ஏறுவர்; மற்றவர்க்கும் சாலை சற்று இளகும். அவசர ஊர்திக்கும் தீயணைப்பு வண்டிக்கும் அத்தடத்தைத் திறந்துவிடலாம். கடைக்காரர் தம் வாசலில் வண்டி நிறுத்த இடமின்றிப் போகுமே என்று அஞ்சுவதும் இயல்பே. சரக்கு இறக்கத் தனி நேரம் வகுத்து அவ்வச்சத்தைத் தீர்க்கலாம்.

எல்லாச் சாலைக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. நிமிடந்தோறும் பேருந்து வரும் சென்னை அண்ணா சாலை போன்ற பெருஞ்சாலைகளுக்கே தனித்தடம் தகும். பூந்தமல்லியிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் வரும் பேருந்துகள் கடந்து செல்லும் நம் மணவாள நகருக்கு வேண்டியது அத்துணைப் பெரிய ஏற்பாடன்று. அமாவாசை நாளில் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பேருந்து படும் பாட்டை இவ்வூரார் அறிவர். மற்ற நாட்களிலும் நிறுத்தத்தில் கார்களும் ஆட்டோக்களும் நிற்பதால் பேருந்து நடுச்சாலையில் நிற்கிறது. கைக்குழந்தையோடு நிற்கும் தாய் வாகனங்களிடையே ஓடிச்சென்று ஏற வேண்டியிருக்கிறது. நமக்கு வேண்டியது பேருந்து நிற்கும் அந்தச் சிறு இடம் மட்டுமே.

ஆகவே குடும்பத் தலைவர்களை நாம் வேண்டுவன இரண்டு. பேருந்து நிறுத்தத்தில், "ஒரு நிமிடம்தானே" என்று உங்கள் வண்டியை நிறுத்தாதீர்கள். அந்த ஒரு நிமிடம் உள்ளே அமர்ந்திருக்கும் அறுபது பேருக்கும் ஒவ்வொரு நிமிடம். தலைநகரில் பேருந்துக்குத் தடம் ஒதுக்கும் பேச்சு எழும்போது, நாம் ஓட்டும் வண்டிக்கு இடம் குறையுமே என்று மட்டும் எண்ணாமல், நம் தெருவிலிருந்து விடியலில் புறப்பட்டுப் போகும் பெண்களையும் எண்ணிப் பார்த்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் விழித்திருக்கும்போதே அவர்கள் வீடு வந்து சேரட்டும்.