எந்த ராஜ்யத்துப் பெண்?

வைகை அணையின் மேல் நடந்து போகிறவர்கள் யாரும், கீழே கிடக்கிற தண்ணீர் எந்த ராஜ்யத்துத் தண்ணீர் என்று கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்வதும் அவ்வளவு சுலபம் அல்ல. வருஷநாட்டு மலைகளிலிருந்து வருகிறது ஒரு பங்கு. மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் பெய்து, பெரியாற்று அணையில் தங்கி, குடைந்த சுரங்கத்தின் வழியே இந்தப் பக்கம் விழுந்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வயல்களை நனைத்துக்கொண்டு வந்து சேர்கிறது இன்னொரு பங்கு. பெரியாற்று அணை 1895-ல் முடிந்தது. வைகை அணையை 1959-ல் திறந்தார்கள். மலைக்கு அப்பால் உள்ள தண்ணீரை இப்பால் கொண்டுவர 1886-லேயே திருவாங்கூர் மகாராஜாவோடு 999 வருஷத்துக்குக் குத்தகை எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. தண்ணீருக்கே பத்திரம் தேவைப்பட்டதென்றால், மனிதருக்குச் சர்டிபிகேட் கேட்பதில் ஆச்சரியம் என்ன?

நான் எழுத வந்தது தண்ணீரைப் பற்றி அல்ல, சர்டிபிகேட்டைப் பற்றி.

அணைக்குச் சற்றுத் தூரத்தில், மதுரையிலிருந்து தேனிக்குப் போகிற சாலையில், கானாவிலக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. காகிதத்தில் க.விலக்கு என்று எழுதுவார்கள். அங்கே 2004-ல் சர்க்கார் ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. வருஷநாட்டுக்காரர்களும் கம்பத்துக்காரர்களும் துணிப்பையும் பிளாஸ்டிக் கூடையுமாக அங்கேதான் வந்து இறங்குகிறார்கள். மலைக்கு மேலே, கேரள எல்லைக்குள் இருக்கும் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் ஏலத் தோட்டங்களிலிருந்தும்கூட வருகிறார்கள். சீட்டு எழுதுகிற ஜன்னலில் யாரும் அவர்களுடைய ராஜ்யத்தை விசாரிப்பதில்லை; என்ன செய்கிறது என்றுதான் விசாரிக்கிறார்கள். ஆனால் அதே கட்டிடத்துக்குள் நோயாளியாக அல்லாமல் மாணவியாக நுழைய வேண்டுமென்றால், முதல் கேள்வி ராஜ்யத்தைப் பற்றியதுதான்.

பலபேர் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பதுபோல, கல்லூரி வாசலில் போய் நின்று விண்ணப்பம் வாங்குகிற காலம் இல்லை இது. நீட் பரீட்சை எழுத வேண்டும். பிறகு இரண்டு வாசல்கள். சர்க்கார் கல்லூரியில் 100 இடம் இருந்தால் அதில் 85 அந்த ராஜ்யத்துப் பிள்ளைகளுக்கு. அதை ராஜ்ய சர்க்கார் நிரப்பும். மீதி 15 அகில இந்தியாவுக்கும் பொது. அதற்கு டில்லியில் தனியாகக் கலந்தாய்வு நடத்துகிறார்கள். வேற்று ராஜ்யத்துப் பிள்ளை கானாவிலக்குக்கு வர வேண்டுமானால் அந்த 15-க்குள் ஒன்றாக வர வேண்டும். காஷ்மீரத்துப் பையனுக்கும் அதே கணக்கு, குமுளிச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற பெண்ணுக்கும் அதே கணக்கு.

அப்படிப்பட்ட ஒரு பெண்ணைச் சில வருஷங்களுக்கு முன் பார்த்தேன். வைகை அணையில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர், வீட்டுத் திண்ணையில் ஒரு தகப்பனையும் மகளையும் உட்கார்த்தி வைத்திருந்தார். "அண்ணே, நீங்க எழுதுறவுகதானே? இவுகளுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றார். கதை எழுதுகிறவனுக்கும் மனு எழுதுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் நம் நாட்டில் இன்னும் ஸ்தாபிதமாகவில்லை. எனக்கும் அதில் வருத்தமில்லை.

தகப்பன் பேசினார். "அய்யா, எங்க அப்பா உத்தமபாளையத்துக்குப் பக்கத்துல பொறந்தவரு. பொழைக்க வழியில்லாம மலை ஏறிட்டாரு. நான் வண்டிப்பெரியாத்துல எஸ்டேட் லயத்துல பொறந்தேன். ரேஷன் கார்டு அங்க. ஓட்டு அங்க. கட்டுனது சின்னமனூருல. நல்லது கெட்டதுக்கு இங்கதான் எறங்கி வாரோம். இப்ப நாங்க எந்த ஊருக்காரங்கன்னு நீங்கதான் சொல்லணும்."

அந்தப் பெண் ஏழாம் வகுப்பு வரை மேலே எஸ்டேட் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை கம்பத்தில் ஹாஸ்டலில் தங்கி, சர்க்கார் பள்ளிக்கூடத்தில். தமிழ்நாட்டு விதி என்ன சொல்கிறது என்றால், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வகுப்பும் இங்கே படித்தவருக்கு இருப்பிடச் சான்று வேண்டாம். இடையில் ஒரு வகுப்பு வெளியே படித்திருந்தாலும் சான்று வேண்டும். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்காகச் செய்த ஏழரை சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கிறதே, மிக நல்ல காரியம், அதற்கும் அதே ஆறிலிருந்து பன்னிரண்டு. ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் அந்தப் பெண்ணுக்கு மலைக்கு மேலே போய்விட்டன. பதினோரு வயதில் எந்த எல்லைக்குள் உட்கார்ந்து பின்னக் கணக்குப் போட்டோம் என்பது பதினெட்டு வயதில் இப்படி வந்து வழி மறிக்கும் என்று யார் கண்டார்கள்!

மனுவை எழுதிக்கொண்டு நானும் கூடப் போனேன். எந்தத் தாலுகா அலுவலகம் என்று இங்கே சொல்லத் தேவையில்லை. அங்கிருந்த அதிகாரி மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார். கிராம நிர்வாக அலுவலர் என்ன எழுதுவார், ஆர்.ஐ. என்ன எழுதுவார் என்று பொறுமையாக விளக்கினார். குடும்பம் இங்கே குடியிருந்தால்தான் இருப்பிடச் சான்று. இந்தக் குடும்பம் குடியிருப்பது கேரளத்தில். "ரேஷன் கார்டு இங்க இருந்தா நானே இன்னிக்கே எழுதிடுவேன் சார்" என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. விதியைத் தயாரித்தவர்களுக்கும் காரணம் இருந்தது: நீட் வந்த புதிதில், 2017-ல், இரண்டு ராஜ்யங்களிலும் சான்று வாங்கி இரண்டு பட்டியலிலும் நின்றவர்கள் உண்டு என்று பெரிய புகார் கிளம்பியது. வசதி படைத்தவர்களுடைய சாமர்த்தியத்துக்காகப் பின்னிய வலை. அதில் வந்து மாட்டியது லயத்துப் பெண்.

சரி, கேரளத்திலேயே விண்ணப்பிக்கலாமே என்று கேட்பீர்கள். விண்ணப்பிக்கலாம். அங்கே பிறந்தவள், கேரளத்தவள்தான். இடுக்கியில்கூட ஒரு சர்க்கார் மருத்துவக் கல்லூரி 2014-ல் தொடங்கி, நடுவில் அங்கீகாரம் போய், 2022-ல் மறுபடி நடக்க ஆரம்பித்திருக்கிறது. ஆனால் இவர்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். அந்த ஜாதிப் பட்டியலை ஜனாதிபதி 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வெளியிட்டார். அந்தத் தேதிக்கு முன்பே முன்னோர் அந்த மண்ணில் குடியிருந்ததற்கு அத்தாட்சி காட்டினால்தான் அந்த ராஜ்யத்துச் சலுகை. பீர்மேட்டிலும் தேவிகுளத்திலும் தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்த தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ பேர் இந்தத் தேதியில்தான் தடுக்கி விழுகிறார்கள். கொழுந்துக் கூடையோடு மலை ஏறியவன் கையில் அத்தாட்சியும் கொண்டு போயிருப்பானா? இந்தப் பெண்ணின் தாத்தா ஏறியது 1950-க்குப் பிறகு.

ஆகக் கேரளம் சொல்கிறது: நீ எங்கள் பெண், உன் ஜாதி எங்களுடையதல்ல. தமிழ்நாடு சொல்கிறது: உன் ஜாதி எங்களுடையது, நீ எங்கள் பெண்ணல்ல.

இது ஏதோ இரண்டு தாலுகா குமாஸ்தாக்களின் விவகாரம் என்று எண்ணிவிடக் கூடாது. மிகப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து யோசித்த விஷயம். மத்திய பாரதம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. 1956-ல் மத்தியப் பிரதேசத்தோடு கரைந்துவிட்டது. அங்கே இந்தூர் மருத்துவக் கல்லூரியில் வெளி ராஜ்யத்து மாணவர்களிடம் தனியாகத் தலைக்கட்டணம் வாங்கினார்கள். டில்லியிலிருந்து போய்ச் சேர்ந்த ஒரு மாணவர் வருஷத்துக்கு 1,500 ரூபாயாக இரண்டு வருஷம் கட்டிவிட்டு, மூன்றாவது வருஷம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1955-ல் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் நால்வர் கட்டணம் செல்லும் என்றார்கள். பிறந்த இடத்தை வைத்துப் பேதம் பாராட்டக் கூடாது என்றுதான் அரசியல் சட்டம் சொல்கிறது. குடியிருக்கும் இடம் வேறு, பிறந்த இடம் வேறு என்பது அவர்கள் கண்ட நுட்பம். அந்த நுட்பத்தின் மேல்தான் இன்றைக்கும் 85 இடங்கள் நிற்கின்றன. முதுகலைப் படிப்பில் மட்டும் குடியிருப்பை வைத்து இடம் ஒதுக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் அதே கோர்ட் சொல்லிவிட்டது, எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அது பொருந்தாது.

ஜாதிச் சான்று எல்லை தாண்டாது என்பதும் ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கில் பிறந்த விதிதான். ஆந்திரத்தில் பழங்குடியாகக் கருதப்பட்ட ஒரு குடும்பம், தகப்பனாருடைய உத்தியோகத்தை ஒட்டிப் பம்பாய்க்குக் குடிபோயிற்று. பையன் பம்பாயில் பழங்குடியினருக்கான மருத்துவ இடம் கேட்டான். ஒரு வகுப்பார் தாழ்ந்து கிடக்கிறார்களா என்பதை அந்தந்த ராஜ்யத்து நிலைமையை வைத்துத்தான் சொல்ல முடியும் என்று 1990-ல் தீர்ப்பாயிற்று. பம்பாய்க்கு உத்தியோகத்தில் போனவருக்கு அது நியாயமாகக்கூட இருக்கலாம். லயத்தில் ஒரே அறையில் மூன்று தலைமுறை கழித்தவர்களுக்கு மலை ஏறியதும் தாழ்வு தீர்ந்துவிட்டதா என்ன?

இவ்வளவு எழுதுவதால், ராஜ்யத்துக்கென்று இடம் ஒதுக்குவதே தவறு என்ற கட்சியில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். நான் அந்தக் கட்சி அல்ல. கல்லூரி கட்டுவது இந்த ஊர்ப் பணத்தில். படித்தவர் நாளைக்கு ஆண்டிபட்டியிலோ கடமலைக்குண்டிலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார வேண்டும். அங்கே வருகிற கிழவி, "நெஞ்சைக் கரிக்குது", "வயித்தைப் பெரட்டுது", "கிறுகிறுன்னு வருது" என்று சொல்வாள். இந்த மூன்றும் மூன்று வியாதி என்று தெரிந்துகொள்ளப் புத்தகம் போதாது. அமெரிக்காவிலும் ராஜ்யத்துச் செலவில் நடக்கும் மருத்துவக் கல்லூரிகள் உள்ளூர்ப் பிள்ளைக்கு முன்னுரிமையும் வெளியூர்ப் பிள்ளைக்குக் கூடுதல் கட்டணமும் வைத்திருக்கின்றன. ஆனால் உள்ளூர்ப் பிள்ளை யார் என்று தீர்மானிக்கிற அளவுகோல் இந்தக் கிழவியின் பேச்சாக இருக்க வேண்டாமா? அந்த அளவுகோலில் லயத்துப் பெண்ணுக்கு நூற்றுக்கு நூறு. எல்லைத் தாலுகாக்களில், ஐந்து வருஷம் இங்கே சர்க்கார் பள்ளியில் படித்தவருக்கு, தாத்தா இந்த மண் என்று பதிவேடும் இருக்குமானால், மேலே போன இரண்டு வகுப்பை மன்னித்துவிட ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? தினம் விடிகாலையில் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ஜீப்பில் அடைந்து ஏலக்காட்டுக்குக் கூலிக்குப் போகிற பெண்களைப் பார்த்தவர்களுக்கு, அந்த எல்லை வீட்டு வாசற்படிபோல என்பது தெரியும்.

கடைசியில் அந்தப் பெண்ணுக்குத் திறந்தது டில்லி வாசல்தான். 1984-ல் நீதிபதி பகவதி, இந்தியனுக்கு ஒரே குடியுரிமைதான், இந்தியா என்ற ஒரே வீடுதான் என்று எழுதி, எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் 30 சதவிகிதம் தேசத்துக்குப் பொதுவாக விட வேண்டும் என்றார். 1986-ல் அது 15 ஆயிற்று. அந்த 15-லும் தாழ்த்தப்பட்டோருக்கு 2007 முதல் பங்கு உண்டு. அதற்கு எந்த ராஜ்யத்துப் பட்டியல் ஜாதியானாலும் செல்லும். தகப்பன் சிறு பிராயத்தில் சின்னமனூரில் பாட்டி வீட்டிலிருந்து படித்தபோது வாங்கிய பழைய சான்று தகரப் பெட்டியில் இருந்தது. அதைப் பார்த்து, "தமிழ்நாட்டில் இன்ன வகுப்பு" என்று கேரளத்துத் தாசில்தாரே மத்திய சர்க்கார் படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம், கொடுத்தார். இரண்டு ராஜ்யங்களும் பாதிப் பாதியாக ஒப்புக்கொண்டதை ஒரே காகிதத்தில் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் விருப்பமாகக் கானாவிலக்கைத்தான் போட்டாள். கிடைக்கவில்லை, 15-ல் அவளுடைய வகுப்புக்கு இரண்டோ மூன்றோதான் வரும். கிடைத்தது பீகாரில். இரண்டு ராத்திரி ரயில். தகப்பன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அங்க போனா இவளை எந்த ஊருன்னு எழுதுவாங்க அய்யா?" நான் வாய் திறப்பதற்குள் பெண்ணே பதில் சொன்னாள்: "தேனின்னு சொல்லிருவேன்பா. வண்டிப்பெரியாறுன்னா ரெண்டு தடவை சொல்லணும்."

இப்போது வார்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். நோயாளிகள் சொல்வதைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறாளாம். 'தர்த்' என்றால் வலி. 'சக்கர்' என்றால் கிறுகிறுப்பு. போன மாதம் போனில் பேசினாள். நெஞ்சைக் கரிப்பதற்கு அந்தப் பக்கத்துக் கிழவிகள் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை என்றாள்.